காரைக்குடியிலிருந்து 3 நாள்: தேரி மணல், கடற்கரை, தனுஷ்கோடி. எந்த வரிசையில போறது?

பள்ளத்தூர்க்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக ரெண்டும் பாலைவனம் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிதுக. ராஜஸ்தான் வரைக்கும் போக லீவும் இல்ல, காசும் இல்ல. திருச்செந்தூர் பக்கத்துல செம்மணல் மேடாக் கிடக்கிற தேரிக்காடு, நடுவுல கடற்கரை, ஆளில்லாத ஊருக்குத் தனுஷ்கோடின்னு மூணையும் ஒரே சுத்துல முடிச்சிடலாம்னு நினைக்கிறேன். தை மாசம், வெள்ளி, சனி, ஞாயிறு. வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல். நான், வீட்டுக்காரி, 68 வயசுல அம்மா, 9 வயசுலயும் 12 வயசுலயும் பிள்ளைக.

என் கேள்வி: முதல்ல தேரியா, தனுஷ்கோடியா? ஸ்விஃப்ட் மணல்ல போகுமா? ராத்திரி எங்க தங்குறது? நம்ம பக்கத்துல பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீடுகளையும் இதுல சேக்கலாமான்னு தம்பி ஒருத்தன் கேக்குறான், அதையும் சொல்லுங்க.

———

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தம்பி, இந்தச் சுத்துல தூரம் பெரிய விஷயமே இல்ல. எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய் நிக்கிறீங்க, அன்னிக்கிக் காத்து எந்தப் பக்கம், இந்த ரெண்டும்தான் கணக்கு. அதை வச்சுப் பாத்தா தனுஷ்கோடி ரெண்டாம் நாள் விடிகாலை, தேரி மூணாம் நாள் விடிகாலை. இதை மாத்தாதீங்க.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், தேவிபட்டினம் வழியா ராமநாதபுரம் சுமார் 80 கி.மீ. அங்கிருந்து ராமேஸ்வரம் 55 கி.மீ. மொத்தமே மூணு மணி நேர ஓட்டம்தான். அதனால பலரும் முதல் நாளே நேரா தனுஷ்கோடிக்கு விட்டுர்றாக. போய்ச் சேரும்போது பதினோரு மணி. தலைக்கு மேல வெயில், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, டூரிஸ்ட் வேன் எல்லாம் அப்பத்தான் வந்து குவியும். தனுஷ்கோடிச் சாலை முடியுற அரிச்சல்முனை வட்டத்துல வண்டியத் திருப்பவே அரை மணி ஆகும்.

முதல் நாள் அவசரமில்லாமக் கிளம்புங்க. காலையில தொண்டி வழியா இறங்குனா தேவிபட்டினத்துக்கு முன்னாடி காரங்காடு வரும். வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாக. தை மாசம் வாடைக்காத்து கூடுதலா அடிச்சா படகை நிறுத்திருவாக, அதனால காலையிலேயே போயிருங்க. மத்தியானத்துக்கு மேல உச்சிப்புளி பக்கம் அரியமான். சவுக்குத் தோப்பு இருக்கு, அம்மா உக்காரலாம். ஆனா தை மாசம் வடக்குப் பக்கக் கடல் கலங்கித்தான் கிடக்கும், தாழைங்கிற கடற்புல்லும் ஒதுங்கும். கால் நனைக்க மட்டும் வச்சுக்கங்க. குளிக்கிறதுக்கு மூணாம் நாள் மன்னார் வளைகுடாப் பக்கம் மணப்பாடு வருது. ஆண்கடல்னு பேரு இருந்தாலும் அது துள்ளுறது வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான், தை மாசத்துல அடங்கி இருக்கும். ஆடியில போறவங்க இதை அப்படியே தலைகீழாப் போட்டுக்கணும்: அப்ப அரியமான் பக்கம் அமைதி, மணப்பாடு பக்கம் ஆகாது.

ராத்திரி ராமேஸ்வரத்துல தங்குங்க. ராமநாதபுரத்துல வாடகை குறைவுதான். ஆனா அங்க தங்குனா விடிகாலை 55 கி.மீ. ஓட்டணும், போட்ட கணக்கே போயிரும். பாம்பன் சாலைப் பாலத்துல வண்டிய ஓரங்கட்டாதீங்க, போலீஸ் விரட்டுவாக. 1988-ல திறந்த பாலம், அகலம் அவ்வளவுதான். 2025-ல திறந்த புது ரயில் பாலத்தை மெதுவாப் போகும்போதே பக்கவாட்டுல பாத்துக்கலாம்.

ரெண்டாம் நாள் ஆறு மணிவாக்குல தனுஷ்கோடிச் சாலைச் சோதனைச்சாவடியில நிக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல உள்ள விடுறதில்ல, உள்ள இருக்கவங்களையும் இருட்டுக்கு முன்னாடி கிளப்பிருவாக. கடல் சீற்றம், புயல் எச்சரிக்கைன்னா நாள் முழுக்க மூடுவாக. முந்தின ராத்திரியே விடுதியில விசாரிச்சிருங்க. ராமேஸ்வரம் தாண்டினா பெட்ரோல் பங்க் கிடையாது, நல்ல கழிப்பறையும் எதிர்பாக்காதீங்க. ரெண்டையும் ஊருக்குள்ளயே முடிச்சுக்கங்க.

முதல்ல முனைக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது இடிபாடுகளைப் பாருங்க. முனை ஆறரைக்குக் காலியா இருக்கும். தேவாலயச் சுவர், ரயில் நிலையத் தண்ணித்தொட்டி எல்லாம் ஏழரை மணிச் சாய்வெயில்லதான் நல்லாத் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்லேருந்து வந்த பயணிகள் ரயிலே ஆட்களோட போயிருச்சு. அதுக்கப்புறம் வாழத் தகுதியில்லாத ஊருன்னு அரசாங்கம் அறிவிச்சது. முனை வரைக்கும் தார்ச்சாலை வந்ததே 2017-லதான். நம்ம பிள்ளைகளுக்கு இன்னொண்ணும் சொல்லுங்க: 1914-லேருந்து இங்கருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல். கொழும்புல கடை வச்சிருந்த நம்ம ஐயாக்கள்ல எத்தனையோ பேரு ரயில்ல வந்து இறங்கிக் கப்பலேறின மேடை அது.

ஆளில்லாத ஊருன்னு எழுதியிருக்கீங்க. மீனவக் குடும்பங்க இன்னமும் அங்க குடிசை போட்டு இருக்காக. வீட்டு வாசல்ல கேமராவ நீட்டாதீங்க. சுவர்ல ஏறாதீங்க, பவளக்கல் வச்சுக் கட்டினது, உப்புல அரிச்சுப் போயிருக்கு, கைய வச்சாலே உதிரும். முனையில குளியல் வேண்டவே வேண்டாம். ரெண்டு கடல் நீரோட்டமும் குறுக்க வெட்டுற இடம், நாலடி தள்ளினாலே ஆழம்.

இன்னொண்ணு, முனையில செல்போன் இலங்கை டவரைப் பிடிக்கும். ரோமிங்கை அணைச்சு வச்சுக்கங்க, இல்லைன்னா ஒரு வாட்ஸ்அப் படத்துக்கு எவ்வளவு போச்சுன்னு பில் வந்தப்புறம்தான் தெரியும்.

———

காயாமொழி எழுதியது:

அண்ணாச்சி, தேரி நம்ம ஊருப் பக்கம்ங்கதால சொல்லுதேன். ரஸ்தா அண்ணன் சொன்ன காலை நேரம்தான் சரி. ரெண்டாம் நாள் சாயங்காலமே தேரிக்கு ஓடிரலாம்னு கணக்குப் போடாதீங்க. ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம், சாயல்குடி, வேம்பார் வழி தூத்துக்குடி வரவே 175 கி.மீ. அதுக்கப்புறம் திருச்செந்தூர் 40. பிள்ளைய வச்சிக்கிட்டு நின்னு நின்னு வந்தா அஞ்சு மணி ஆயிரும். தேரியில ஆறேகாலுக்குப் பொழுது அடைஞ்சிரும், இருட்டுனா எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது. அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்லயே தங்கிக்கோங்க.

தேரியின்னா ராஜஸ்தான் மாதிரி வெறும் மணல் இல்ல. இரும்புச்சத்து படிஞ்ச செக்கச்செவேர்னு மணல், அதுல பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி) எல்லாம் நிக்கும். மேற்கேயிருந்து வார காத்து அள்ளிக்கொண்டாந்து குவிச்ச மேடுக. பிள்ளைய பாலைவனம்னு எதிர்பாத்து வந்து, என்னப்பா மரமா இருக்குன்னு கேக்கும். அதனால மரம் குறைஞ்ச மேட்டுக்குக் கூட்டிப்போங்க. திருச்செந்தூர்ல இருந்து காயாமொழி வழியா தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வாங்க. கோயில் வரைக்கும் நல்ல ரோடு. வண்டிய அங்கனயே போட்டுட்டு நடந்துதான் போவணும். இன்னொரு வழி மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அங்க தேரி மணலுக்கு நடுவுல சுனையும் மரக்கூட்டமுமா குளுகுளுன்னு இருக்கும். முழங்கால் நோவுற அம்மாவுக்கு ரெண்டாவதுதான் ஏத்தது. அவங்க நிழல்ல இருக்கட்டும், நீங்க பிள்ளைகளோட மணலுக்குப் போயிட்டு வாங்க.

ஆறரைக்கு இறங்கி எட்டரைக்கு வெளிய வந்திரணும். தை மாசமே ஒம்பதரைக்கு மேல மணல் சுடும், சித்திரையில எட்டுக்கே நிக்க முடியாது. செருப்பு வேண்டாம், மணல் நுழைஞ்சு கால்ல அறுக்கும். வெறுங்காலும் வேண்டாம், உடைமுள்ளு வெள்ளையா நீளமா மணலுக்குள்ள கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூடின ஷூ, உயரமான சாக்ஸ். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி கையில. வண்டி நிக்க இடத்தை போன் மேப்புல குத்தி வச்சிட்டு நடங்க, திரும்பையில காலடித்தடத்த நம்பாதீங்க. ஆடிக்காத்துன்னா பத்து நிமிசத்துல தடம் மூடிரும். தையில அவ்வளவு இல்ல, ஆனாலும் மேடு எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கும். தேரியில பெரும்பகுதி வனத்துறைக் காடு. டெண்ட் அடிக்கது, தீ மூட்டுறது, ட்ரோன் விடுறது ஒண்ணும் நடக்காது. பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோ ஏவுதளம் வேற கட்டுதாங்க, ட்ரோனை வீட்டுலயே வச்சிருங்க.

முடிச்சிட்டு உடன்குடி வழியா மணப்பாடு வாங்க, திருச்செந்தூர்ல இருந்து கணக்குப் பாத்தா 18 கி.மீ. தான். மணல்மேட்டு மேல கடலைப் பாத்து நிக்க திருச்சிலுவை ஆலயம், கீழ பிறை மாதிரி வளைஞ்ச கரை. குளிக்கணும்னா மேட்டடியில பாறைப் பக்கம் வேண்டாம், ஊருக்காரங்க வள்ளம் ஏத்துற மணல் பக்கம் கேட்டுட்டு இறங்குங்க. உடன்குடியில கருப்பட்டி வாங்குவீங்க. புதுக் கருப்பட்டி பதநீர்க் காலத்துல, மாசி பங்குனிக்கு மேலதான் வரும். தையில விக்கது பழசு, பழசுதான் நல்லதுன்னு சொல்லுதவங்களும் உண்டு. சீனி கலக்காததான்னு பாக்க உடைச்சுப் பாருங்க: உள்ள பளபளன்னு படிகமா மின்னிச்சுன்னா வச்சிட்டு வந்திருங்க.

தேதி மட்டும் பாத்துக்கோங்க. தை அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரத்துல கால் வைக்க இடம் இருக்காது. தைப்பூசத்துக்கு முந்தின நாலு நாளு திருச்செந்தூர் ரோட்டுல ராவும் பகலும் பாதயாத்திரை. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாரக்கடைசியப் புடிங்க.

———

ஸ்டெப்னி எழுதியது:

ஸ்விஃப்ட் மணலில் போகாது. இரண்டடி போகும், மூன்றாவது அடியில் முன்சக்கரம் சுழல ஆரம்பிக்கும். அதன் பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் தானே குழி வெட்டிக்கொண்டு அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். தேரி மணலைவிடத் தனுஷ்கோடியின் ஓரத்துச் சேறு மோசம். மேலே வெள்ளையாக உப்பு ஓடு காய்ந்து கெட்டித் தரை போலத் தெரியும், ஒரு விரற்கடை கீழே ஈரச் சேறு. போட்டோ எடுக்கத் தாரை விட்டு இறக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். நான்கு சக்கரமும் தாரில் இருக்கட்டும்.

அப்படியும் மாட்டினால்: சக்கரம் சுழன்ற கணமே காலை எடுத்துவிடுங்கள். எல்லாரும் இறங்கணும், சாமானும் இறங்கணும். முன்சக்கரத்தின் பின்பக்கம் உள்ள மணலைச் சரிவாக வாருங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் போவதுதான் வழி, முன்னால் போக முயலவேண்டாம். முன்சக்கரம் இரண்டிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் படுத்து அகலமாகும், பாதி வேலை அதிலேயே முடியும். சக்கரத்துக்குப் பின்னால் கோணிச்சாக்கோ பனையோலையோ செருகி, ஸ்டீயரிங் நேராக, கிளட்சை மெல்ல விட்டு எடுங்கள். வண்டியின் ரப்பர் மேட்டைப் போடச் சொல்வார்கள். அது வழுக்கிப் பறந்து முன்னால் நிற்பவர் காலில் விழும், வேண்டாம். வெளியே வந்ததும் காற்றை ஏற்றாமல் தாரில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 12 வோல்ட் சின்னக் கம்ப்ரஸர் இருந்தால் டயருக்கு ஐந்து நிமிடம், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கணும்.

கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், டூல் பையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சின்னச் சதுர மூடியைத் திறந்து அதைக் கையால் கடைசி வரை திருகி, பிறகு வீல் ஸ்பேனர் முனையைக் கொடுத்து இறுக்குங்கள். பாதித் திருகில் இழுத்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு பறக்கும். உதவிக்கு வருகிற டிராக்டர்க்காரர் அவசரத்தில் கீழே கிடைத்த கம்பியில் கட்டப் பார்ப்பார், விடாதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்தால் செலவு ஆயிரங்களில் வரும்.

கிளம்புமுன்: ஐந்து பேரும் சாமானும் என்றால் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனியாகப் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள், டயர் சூடாகுமுன். ஸ்டெப்னியையும் பாருங்கள், பலருக்கும் வாங்கின நாளில் அடித்த காற்றுதான் இருக்கும். அரிச்சல்முனைச் சாலையில் குறுக்கே மணல் திட்டு கிடக்கும். அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், மணல் மேல் வைத்து பிரேக் அடித்தால் இழுத்துக்கொண்டு போகும். பைக்கில் வருகிறவர்கள் விழுவது இதில்தான்.

தனுஷ்கோடி போய்வந்த அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மேலே மட்டும் பளபளப்பாக்கிப் பயனில்லை, உப்புத்தூள் தங்குவது வீல் ஆர்ச்சிலும் சைலன்சர் பிடிப்பிலும். மறுநாள் காலை முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும், டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துருதான், நாலு மிதியில் போய்விடும். சர்வீஸ் ஸ்டேஷனில் அடியில் டீசல் அடிக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும்.

ராமநாதபுரம் தூத்துக்குடி கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலை, அதுவே ஆபத்து. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், ஆடு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஊருக்கு ஊர் பெயின்ட் அழிந்த வேகத்தடை. ராமநாதபுரத்தில் டேங்க்கை நிரப்புங்கள்.

———

கானாடுகாத்தான் அக்கா எழுதியது:

பூட்டின வீடுகளைப் பத்திக் கேட்டீங்க. அதை இந்தப் பட்டியல்ல சேக்காதீங்க தம்பி. தனுஷ்கோடி கடல் அழிச்ச ஊரு. நம்ம வீடுக அழிஞ்சதுமில்ல, விட்டுட்டுப் போனதுமில்ல. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, அதாவது இருபது குடும்பம், பங்குன்னா இருபது வீட்டுச் சம்மதமும் வேணும், அதனால பூட்டிக் கிடக்கு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னா திறந்து முகப்புலேருந்து அடுப்படி வரைக்கும் ஆளு நிறைஞ்சிரும். 2014-லேருந்து யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல இருக்கிற ஊருக இது, பேய்வீடுன்னு யூடியூப்ல போடுறாக பாருங்க, அது எரிச்சலா வருது. பிள்ளைகளுக்குக் காட்டணும்னா தனியா ஒரு நாள் வைங்க. கட்டணம் வாங்கிட்டு உள்ள விடுற வீடுக கானாடுகாத்தான்ல இருக்கு. மத்த வீட்டுல காவல்காரர்கிட்ட கேட்டு, அவர் சரின்னா வளவு, அதாவது உள்முற்றம், வரைக்கும். பக்கத்துலயே ஆத்தங்குடியில தரைக்கல் ஊத்துறதையும் பாத்துட்டு வந்துரலாம்.

மீனாட்சிபுரம்னு தூத்துக்குடி மாவட்டத்துல தண்ணியில்லாம காலியான ஊரு ஒண்ணு இருக்கு, அதுக்கும் இப்ப கூட்டம் போகுது. கடைசியா தனியா இருந்த பெரியவரும் 2024-ல காலமாயிட்டாரு. சொந்த ஊருக்காரங்க சாமி கும்பிட மட்டும் வர்ற இடம் அது. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் படம் பிடிக்க அங்க ஒண்ணுமில்ல.

———

பள்ளத்தூர்க்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வீடுகளைத் தனி நாளா வச்சுக்கிறேன் அக்கா, கேட்ட விதம் தப்புதான். இன்னும் ரெண்டே சந்தேகம். அம்மா வெளிச்சாப்பாடு சாப்பிடமாட்டாங்க, கட்டுச்சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும்? மூணாம் நாள் மணப்பாட்டுல இருந்து வீட்டுக்கு எந்த வழி?

———

கானாடுகாத்தான் அக்கா:

புளியோதரை முதல் நாள் ராத்திரி வரைக்கும் தாங்கும், ஆனா நல்லெண்ணெய் தாராளமா விட்டு, புளிக்காய்ச்சல்ல தண்ணி சுத்தமா வத்தி எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் விடணும். சோத்தை விரிச்சு ஆறவச்சப்புறம் கலக்கணும். சூட்டோட தூக்குல அடைச்சு மூடினா வேர்த்து, மத்தியானமே வாடை வந்துரும். தேங்காய் சேந்தது எதுவும் வேண்டாம். தயிர்சாதம் பால் ஊத்தி, கொஞ்சமாப் பிரை விட்டுக் கட்டினா மத்தியானம் சரியா இருக்கும், அதுக்கு மேல புளிக்கும். ரெண்டாம் நாளுக்குப் புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டில்ல கொண்டு போங்க, வெறும் சோறு எந்த ஓட்டல்லயும் கிடைக்கும். சீப்புச் சீடையும் மாவுருண்டையும் மூணு நாளும் கெடாது. உருண்டைய மட்டும் தேரிக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க, தொண்டையில ஒட்டி இருக்கிற தண்ணியெல்லாம் காலியாகும்.

———

தேவகோட்டை ரஸ்தா:

மணப்பாட்டுல பதினொண்ணுக்குக் கிளம்பிருங்க. தூத்துக்குடி வந்துட்டா எட்டயபுரம், அருப்புக்கோட்டை வரைக்கும் நாலுவழி. அங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை, சிவகங்கை வழியா காரைக்குடி. மொத்தம் ஏறக்குறைய 260 கி.மீ., சாப்பாட்டு நேரமும் சேத்து ஆறரை மணி நேரம். நரிக்குடிப் பக்கம் சாலை குறுகல், அதை வெளிச்சத்துலேயே தாண்டிரணும். நேரமாயிருச்சுன்னா அருப்புக்கோட்டையில திரும்பாம மதுரைச் சுற்றுச்சாலை ஏறி மேலூர், திருப்பத்தூர்னு வாங்க, 30 கி.மீ. கூடினாலும் ராத்திரிக்கு அதுதான் நல்லது. ஒரே ஒரு விஷயம், தைப்பூசத்துக்கு முந்தின வாரம்னா குன்றக்குடி, திருப்பத்தூர் சாலையில பழனிக்கு நடக்குற நம்ம ஆளுகளே காவடியோட வருவாக. அந்த வாரம்னா என்ன நேரமானாலும் சிவகங்கை வழிதான்.